பழைய டிராக்டருக்கும் டிரெயிலருக்கும் வீட்டிலேயே வர்ணம் பூசும் முறை

குடியானவர் ஒருவரின் பொருள்களில் நிலத்துக்கும் கால்நடைகளுக்கும் அடுத்தபடியாக விலை மதிப்புடையவை அவருடைய டிராக்டரும், அதன் பின் இழுத்துச் செல்லும் டிரெயிலருமே ஆகும். எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுவதிலும் டயருக்குக் காற்றுப் பிடிப்பதிலும் தவறாத மிராசுதார்கள் பலர், வண்டியின் இரும்புத் தகட்டின்மேல் உள்ள வர்ணத்தைப் பற்றி அதிகமாகச் சிந்திப்பதில்லை. வர்ணம் அழகுக்காகப் பூசப்படுவது என்பதே பொதுவான எண்ணம். உண்மையில் அது இரும்புக்குப் போர்த்திய கவசமாகும். கவசம் கிழிந்த இடத்தில் துரு நுழைகிறது. நுழைந்த துரு தானாக நிற்பதில்லை.

பட்டறையில் கொடுத்து முழு வண்டிக்கும் வர்ணம் பூச ஆகும் செலவில் பெரும்பகுதி கூலியாகவே போகிறது. சாமான்களின் விலை அதில் ஒரு பகுதியே. அறுவடை ஓய்ந்த நாட்களில், வீட்டு ஆட்கள் இருவர் ஒரு வாரம் ஒதுக்கிப் பொறுமையுடன் வேலை செய்தால் அக்கூலியை மிச்சப்படுத்தலாம். அதற்குரிய முறையும், அதில் கவனிக்க வேண்டிய ஆபத்துகளும் இங்கே விவரிக்கப்படுகின்றன. பழைய ஜீப்பு, மோட்டார் கார் முதலியவற்றுக்கும் இம்முறை பெரும்பாலும் பொருந்தும்.

துரு பிடிக்கும் விதம்

இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயு, நீர் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் துரு உண்டாகும். உப்பு கலந்த நீரானால் துரு மிக விரைவாக வளரும். ரசாயன உரம் ஏற்றும் டிரெயிலர்கள் மற்ற வண்டிகளைவிட முன்னதாகக் கெடுவதற்குக் காரணம் இதுவே. மூட்டையிலிருந்து சிந்தும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் குளோரைடு உப்பாகும். யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தகட்டின்மேல் தேக்கி வைக்கும். தகட்டின் இடுக்குகளில் தங்கிய ஒரு பிடி உரம், ஒரு மழைக்காலம் முழுவதும் இரும்பை அரிக்கப் போதுமானது.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருமன் உடையது. ஆகையால் வர்ணத்தின் அடியில் தோன்றிய துரு, வர்ணத்தைக் கொப்புளம்போல் மேலே தூக்கி உடைத்துவிடுகிறது. உடைந்த இடத்தில் மறுபடியும் நீர் இறங்குகிறது. துருவின்மேல் நேரே வர்ணம் பூசுவது எவ்வளவு வீண்செலவு என்பது இதனால் விளங்கும். அவ்வாறு பூசிய வண்டி தீபாவளிக்குப் புதிதுபோல் தோன்றி, பொங்கலுக்குள் பழைய நிலையை அடைந்துவிடும். அதனினும் கெடுதல் யாதெனில், மேலே வர்ணம் மூடியிருப்பதால் கீழே தகடு ஓட்டையாகும் வரையில் உரிமையாளர் அறியாமலே இருந்துவிடுவார். நெல் மூட்டையுடன் தரைத்தகடு இற்று விழும்போதுதான் உண்மை வெளிப்படும்.

பருவமும் இடமும்

இவ்வேலைக்கு மாசி, பங்குனி மாதங்களே நம் நாட்டில் சிறந்தவை. ஐப்பசி, கார்த்திகையில் மழை, மார்கழியில் பனி, ஆனி, ஆடியில் வீசும் காற்று ஈர வர்ணத்தின்மேல் புழுதியைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். சம்பா அறுவடையும் போக்குவரத்தும் முடிந்தபின் வண்டிக்கு ஓய்வு கிடைப்பதும் மாசியில்தான்.

காலையில் தகட்டின்மேல் உள்ள பனி ஈரம் முற்றிலும் உலர்ந்தபின், சுமார் 8 மணி முதல் 11 மணி வரை பூசுவது உத்தமம். நடுப்பகல் வெயிலில் கை வைக்க முடியாதபடி காய்ந்த தகட்டில் பூசினால், வர்ணம் பரவுமுன்னே உலர்ந்து தூரிகைக் கோடுகள் நிற்கும், குமிழ்களும் தோன்றும். மாலை 4 மணிக்குமேல் பூசினால் இரவுப் பனி படிந்து பளபளப்பு மங்கும். நாற்புறமும் காற்றோட்டமுள்ள கொட்டகை நல்லது. தரையில் நீர் தெளித்துப் புழுதியை அடக்கிக்கொள்ள வேண்டும். வைக்கோற்போர், மாட்டுத் தொழுவம், சமையலறை ஆகியவற்றுக்கு அருகில் இவ்வேலையைச் செய்யலாகாது.

பழைய வர்ணத்தில் உள்ள நஞ்சு

வேலையில் இறங்குமுன் யாவரும் அறிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பழைய வர்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருக்கும். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களிலும், முற்காலத்தில் இரும்புக்கு அடிப்பூச்சாகப் பூசிய ஈயச் செந்தூரத்திலும் இது மிகுதி. வீடுகளுக்கும் அலங்காரத்துக்கும் உரிய வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று 2016-ஆம் ஆண்டில் மத்திய அரசு விதி செய்தது. அது 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. ஆயினும் அதற்கு முன் பூசியவற்றுக்கு அவ்விதியால் காப்பு இல்லை. தொழிற்சாலை உபயோகத்துக்கான வர்ணங்கள் அவ்விதிக்குள் அடங்கவும் இல்லை. ஆகவே, பழைய வண்டியின் வர்ணத்தில் ஈயம் உண்டு என்றே கொண்டு நடப்பது புத்திசாலித்தனம்.

ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கும் அது பெருந்தீங்கு. கால்நடைகளின் விஷயத்தில் ஆபத்து இன்னும் நேரானது. மாடுகளும் கன்றுகளும் சுரண்டிப் போட்ட வர்ணச் சில்லுகளையும் காலி டப்பாக்களையும் நக்கும் இயல்புடையவை. ஈயம் உட்சென்ற மாடு பார்வை இழந்து, பல்லை நறநறவென்று கடித்து, இழுப்புக் கண்டு மாள்வதுண்டு. ஒரு வண்டிக்கு வர்ணம் பூசி மிச்சப்படுத்திய பணத்தைக் கறவை மாடு ஒன்றைப் பறிகொடுத்து இழப்பதில் என்ன லாபம்?

ஆதலால் பின்வரும் விதிகளைத் தவறாமல் கைக்கொள்ள வேண்டும். பழைய வர்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்க்கலாகாது. நீர் தெளித்து, நீரில் நனைத்த வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். தீ காட்டி எரித்து எடுக்கலாகாது. மின்சார அரவைச் சக்கரத்தைப் பழைய வர்ணத்தின்மேல் ஓட்டலாகாது. வண்டியின்கீழ் தார்ப்பாய் விரித்து, விழும் சில்லுகள் அனைத்தையும் கூட்டி எடுத்து, சாக்கில் கட்டிப் பத்திரப்படுத்த வேண்டும். அவற்றை எருக்குழியிலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது. வேலை செய்பவர் முகமூடி அணிந்து, உண்ணுமுன் கை கழுவி, வேலை உடையைத் தனியே துவைக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகளும் கன்றுகாலிகளும் வரலாகாது.

தேவையான சாமான்கள்

10 அடி நீளம், 6 அடி அகலம், 1½ அடி உயரப் பக்கத்தகடுகள் உள்ள ஒரு டிரெயிலரை உதாரணமாகக் கொள்வோம். தரைத்தகட்டின் மேலும் கீழும் 120 சதுர அடி. பக்கத்தகடுகளின் உள்ளும் புறமும் 96 சதுர அடி. சட்டம், இழுவைக்கட்டை, அச்சு, சக்கரத் தட்டு ஆகியவற்றுக்குச் சுமார் 50 சதுர அடி. ஆக மொத்தம் 266 சதுர அடி. சொரசொரப்பான இரும்பில் தூரிகையால் பூசும்போது 1 லிட்டர் வர்ணம் ஒரு பூச்சுக்குச் சுமார் 100 சதுர அடி வரும் என்று கணக்கிட்டால், அடிப்பூச்சு இருமுறைக்கு 5½ லிட்டரும், மேற்பூச்சு இருமுறைக்கு 5½ லிட்டரும் போதும். டிராக்டரின் பானெட்டு, மட்கார்டு முதலிய தகடுகளுக்கு இவ்விரண்டிலும் சுமார் 1 லிட்டர் வீதம் தேவைப்படும்.

அடிப்பூச்சுக்கு ஈயம் கலவாத ரெட் ஆக்ஸைடு பிரைமர், மேற்பூச்சுக்கு சிந்தெடிக் எனாமல், இவற்றைக் கலக்க மினரல் டர்பன்டைன், கம்பி பிரஷ், 80, 120, 180, 320, 400 எண்ணுள்ள உப்புத்தாளும் வாட்டர் பேப்பரும், 3 அங்குலத் தூரிகை ஒன்று, 1 அங்குலத் தூரிகை ஒன்று, பரந்த தகடுகளுக்குச் சிறிய பஞ்சு உருளை, மறைப்பு நாடா, பழைய செய்தித்தாள், துவைத்த பருத்தித் துணி, கையுறை, கண்ணாடி, முகமூடி. இவற்றுக்கு மேல் விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

தெளிப்பான் இல்லாமல் நல்ல வர்ணம் அமையாது என்று சிலர் கருதுகின்றனர். மோட்டார் வண்டிகள் தோன்றிய காலத்தில் அவை யாவும் தூரிகையாலேயே வர்ணம் பூசப்பட்டன; பூச்சுக்கு மேல் பூச்சாக உலர்வதற்குப் பல வாரங்கள் ஆயின. 1923-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டியூபாண்டு கம்பெனியாரின் விரைவில் உலரும் டூகோ வர்ணம் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியாரின் ஓக்லண்டு கார்களுக்குப் பூசப்பட்ட பின்னரே தெளிக்கும் முறை தொழிற்சாலைகளில் பரவியது. தொழிற்சாலைக்கு வேகம் அவசியம். குடியானவருக்கு அது அவசியமன்று. தெளிக்கும்போது வர்ணத்தின் ஒரு பகுதி காற்றில் வீணாகும். தூரிகையில் அது மிச்சம்.

கெட்டிப்படுத்தும் திரவத்துடன் சேர்த்துக் கலக்கும் இருடப்பா வர்ணங்களை வீட்டில் தெளிக்கவே கூடாது. அவற்றிலுள்ள ஐஸோஸயனேட்டு என்ற பொருள் தீராத இழுப்பு நோயை உண்டாக்க வல்லது. மூக்கில் கட்டும் துணியோ சாதாரண முகமூடியோ அதைத் தடுக்காது.

பழைய வர்ணத்தின் வகையை அறிதல்

கார், ஜீப்பு ஆகியவற்றில் முன் பூசியுள்ள வர்ணம் எவ்வகை என்று தெரிந்துகொள்வது அவசியம். மறைவான ஓரிடத்தில், என்.சி. தின்னரில் நனைத்த துணியை வைத்துத் தேய்த்துப் பார்க்கலாம். வர்ணம் கரைந்து துணியில் ஏறினால் அது என்.சி. வர்ணம், சுருங்கித் தோல்போல் எழும்பினால் எனாமல், ஒன்றும் ஆகாவிட்டால் தொழிற்சாலையில் சூட்டில் இறுகிய பூச்சு அல்லது இருடப்பா வர்ணம். எனாமலின்மேல் என்.சி. வர்ணத்தையோ என்.சி. பட்டியையோ இடலாகாது, அதன் தின்னர் அடியிலுள்ள எனாமலைச் சுருக்கிவிடும். நன்கு தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பழைய பூச்சு எதன்மேலும் எனாமலைப் பூசலாம். வீட்டு வேலைக்கு எனாமலே ஏற்றது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை முறை

முதல் நாள்: டிராக்டரின் பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். வாஷிங் சோடா கரைத்த நீரால் வண்டியை நன்கு கழுவி, மூலை முடுக்குகளில் தங்கிய உரத்தையும் சேற்றையும் போக்கி, நல்ல நீரால் அலசி உலர விட வேண்டும். பின்னர் எண்ணெய்ப் பிசுக்கை டர்பன்டைன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். இதற்குப் பெட்ரோலை உபயோகிப்பது உயிருக்கே ஆபத்து. பிசுக்கின்மேல் எந்த வர்ணமும் பிடிக்காது. விளக்கு, கம்பெனிப் பெயர்த்தகடு முதலிய கழற்றக் கூடியவற்றைக் கழற்றிவிட வேண்டும்.

இரண்டாம் நாள்: முதலில் உரிந்து தொங்கும் பழைய வர்ணத்தை மேற்கூறியபடி ஈரமாகவே நீக்கி, தகட்டைத் துடைத்து உலர்த்த வேண்டும். வெறும் துரு மட்டும் உள்ள இடங்களைக் கம்பி பிரஷாலும் 80 எண் உப்புத்தாளாலும் வெள்ளை இரும்பு தெரியும் வரையில் தேய்க்க வேண்டும். சிறு சுத்தியால் தரைத்தகட்டைத் தட்டிப் பார்த்தால், கெட்டியான இடம் கணீரென்றும், இற்ற இடம் மந்தமாகவும் ஒலிக்கும். இற்ற இடத்தைப் பட்டியால் அடைப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். அதை வெட்டி எடுத்துப் புதுத்தகடு பற்றவைத்த பிறகே மேல் வேலை செய்ய வேண்டும்.

குழிகளில் எட்டாமல் நிற்கும் துருவுக்கு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றும் திரவம் கடைகளில் கிடைக்கிறது. கையுறை, கண்ணாடி அணிந்து, டப்பாவில் கண்டபடி தடவ வேண்டும். அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றி, மேலும் அரிக்காதபடி செய்யும். தில்லி மெஹ்ரௌலியில் சுமார் 1,600 ஆண்டுகளாக நிற்கும் இரும்புத் தூண் துருவால் அழியாதிருப்பதற்கு, அவ்விரும்பில் மிகுதியாக உள்ள பாஸ்பரஸால் அதன்மேல் உண்டான பாஸ்பேட்டுப் படலமே முக்கிய காரணம் என்று கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆராய்ச்சியாளர் ஆர். பாலசுப்பிரமணியம் 2000-ஆம் ஆண்டளவில் விளக்கினார். கடைகளில் விற்கும் வேறு சில திரவங்களில் டானின் உண்டு. அது துருவைக் கருநீலமாக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இந்த ரசாயன மாறுதலாலேயே ஆகும்.

மூன்றாம் நாள்: சக்கரம், ரேடியேட்டர், ரப்பர்க் குழாய், மின்கம்பி, சேஸிஸ் எண், பதிவு எண் தகடு, பின்புறச் சிவப்பு எதிரொளிப்பான் ஆகியவற்றை நாடாவாலும் காகிதத்தாலும் மூட வேண்டும். ஹைட்ராலிக் தண்டு, கிரீஸ் ஏற்றும் முனை, பிரேக்கு டிரம்மின் உட்புறம், பெட்ரோல், டீசல் டாங்குகளின் மூடியிலுள்ள காற்றுத் துளை ஆகியவற்றில் வர்ணம் படலாகாது. சைலன்ஸருக்குச் சூடு தாங்கும் அலுமினிய வர்ணம் தனியே உண்டு. எனாமல் அங்கே கருகிவிடும். பின்னர் முதல் பிரைமரைப் பூச வேண்டும். தேய்த்துச் சுத்தம் செய்த இரும்பை ஓர் இரவு வெறுமனே விட்டால் காலையில் மீண்டும் செந்நிறம் படியும். ஆகையால் அன்று முடிக்கக் கூடிய அளவு மட்டுமே தேய்த்து, அன்றே பிரைமர் பூசுவது நலம்.

நான்காம் நாள்: டிரெயிலருக்குப் பட்டி வேலை வேண்டியதில்லை. டிராக்டர் பானெட்டு, கார்க் கதவு ஆகியவற்றில் உள்ள சிறு பள்ளங்களுக்கு மட்டும் பட்டி பார்க்கலாம். தடித்த ஒரே பூச்சாக இடாமல் மெல்லிய பூச்சுகளாக, ஒன்று உலர்ந்தபின் மற்றொன்றாக இட வேண்டும். தடித்த பட்டி வெடித்துப் பெயரும்.

ஐந்தாம் நாள்: பட்டியை 180 எண் தாளாலும் பின் 320 எண் தாளாலும் தேய்த்து, விரலால் தடவிச் சமம் பார்த்து, தூசியைத் துடைத்து, இரண்டாம் பிரைமர் பூச வேண்டும்.

ஆறாம், ஏழாம் நாட்கள்: பிரைமரை 320 எண் தாளால் இலேசாகத் தேய்த்துத் துடைத்த பின், எனாமலை அடிவரை கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி, பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் டர்பன்டைன் சேர்க்க வேண்டும். எனாமல் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகுவது. தடித்துப் பூசினால் மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாகவே நின்று சுருங்கும். ஆகவே மெல்லியதாகப் பூசுவதே இரகசியம். முதல் பூச்சில் பழைய நிறம் சற்றுத் தெரிந்தாலும் கவலையில்லை. மறுநாள் 400 எண் வாட்டர் பேப்பரை நீரில் நனைத்து இலேசாகத் தேய்த்து, உலர்த்தி, இரண்டாம் பூச்சை இட வேண்டும். அகன்ற தகடுகளில் பஞ்சு உருளையால் பரப்பி, உடனே தூரிகையின் நுனியால் ஒரே திசையில் நீவிவிட்டால் கோடுகள் அமிழ்ந்துவிடும்.

வேலை முடிந்த வண்டியை ஒரு வாரம் நிழலில் நிறுத்தி, அதன்பிறகே சுமை ஏற்ற வேண்டும். வர்ணம் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடலாகாது. உலரும் எண்ணெய்கள் உள்ள துணி தானாகவே சூடேறித் தீப்பற்றக் கூடும். அவற்றை நீரில் அமிழ்த்தி வைத்துப் பின் அப்புறப்படுத்த வேண்டும்.

நிறமும் சட்டமும்

வண்டியின் நிறம் பதிவுச் சான்றில் குறிக்கப்பட்டுள்ளது. அதே நிறத்தில் பூசுவதே எளிது. வேறு நிறம் விரும்புவோர், பூசுமுன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, சான்றில் மாறுதல் பெற வேண்டிய முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சேஸிஸ் எண்ணைச் சுரண்டுவதோ பட்டியால் மூடுவதோ பின்னால் வண்டியை விற்கும்போது பெருந்தொல்லையில் கொண்டுபோய் விடும். இரவில் சாலையில் செல்லும் டிரெயிலரின் பின்புறச் சிவப்பு எதிரொளிப்பான்கள் பல உயிர்களைக் காப்பவை. அவற்றின்மேல் வர்ணம் பட்டிருந்தால் அன்றே துடைக்க வேண்டும்.

பிற்பாடு செய்ய வேண்டியவை

உரம் ஏற்றிய ஒவ்வொரு முறையும் டிரெயிலரை அன்று மாலையே நீர் விட்டுக் கழுவி, முன்பக்கத்தை உயர்த்தி நீரை வடிய விட வேண்டும். தரைத்தகட்டின் வடிகால் துளைகள் அடையாமல் பார்க்க வேண்டும். எஞ்சிய பிரைமரையும் எனாமலையும் இறுக மூடி வைத்திருந்து, ஆண்டுக்கு ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன், கீறல் கண்ட இடங்களில் மட்டும் தேய்த்துப் பூசினால் போதும். ஒரு மணி நேர வேலை. ஆனால் முழு வண்டிக்கும் மறுபடியும் பூச வேண்டிய காலத்தை அது வெகுவாகத் தள்ளிப்போடும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் கூட்டுறவுச் சங்கத்தாரும் ஒன்று செய்யலாம். ஊரிலுள்ள நாலைந்து டிரெயிலர்களை ஒரே மாதத்தில் முறை வைத்து வேலை செய்ய ஏற்பாடு செய்தால், பிரைமரையும் எனாமலையும் பெரிய டின்களாக வாங்கி விலையில் சலுகை பெறலாம்; கருவிகளையும் பகிர்ந்து கொள்ளலாம். பழைய வர்ணச் சில்லுகளைப் பத்திரமாக அப்புறப்படுத்தும் பொறுப்பும் ஒருவர் தலையில் விழாது. ஈயத்தின் ஆபத்தைத் தாய்மார்களுக்கும் மாடு மேய்ப்பவர்களுக்கும் எடுத்துச் சொல்வது அவர்களால் எளிதில் ஆகக் கூடிய காரியம்.

சுருங்கக் கூறின், இவ்வேலையில் உழைப்பின் பெரும்பங்கு கழுவுவதிலும் தேய்ப்பதிலுமே அடங்கியிருக்கிறது. பூசுவது மிகச் சிறிய பங்கே. கழுவுவதில் சோம்பியவர் இரு முறை செலவு செய்வார். துருவை அறவே நீக்கி, அன்றே பிரைமர் இட்டு, மெல்லியதாக இரு முறை எனாமல் பூசியவரின் டிரெயிலர் அடுத்து வரும் மழைக்காலங்களை நன்கு தாங்கும் என்பதில் ஐயமில்லை.